மூன்று மணிக்கு வரும் கேள்வி

நன்னிலம்
5.11.2024

வானதி அப்பாவுக்கு,

உங்கள் நலம் அறிய இதை எழுதவில்லை. வானதியின் இடது கையில் போட்ட மாவுக்கட்டு இன்னும் ஒரு மாதம் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளால் தலை பின்னிக்கொள்ள முடியவில்லை, புத்தகப் பையை மாட்டிக்கொள்ள முடியவில்லை. அம்மா வீட்டிலிருந்தே பஸ்ஸில் குடவாசல் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிறாள். தம்பி அன்பரசன் பஸ் ஏற்றிவிடுகிறான். அவளைப் பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்.

வைரக்கண்ணு அண்ணன் போனிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டீர்கள். நான் எடுக்கவில்லை, இனியும் எடுக்க மாட்டேன். போனில் நீங்கள் அழுவீர்கள். குடித்துவிட்டு அழுகிறீர்களா, குடிக்காமல் அழுகிறீர்களா என்று பதினான்கு வருடமாக எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதுங்கள். எழுத்து கோணினால் கண்டுபிடித்துவிடுவேன்.

என் போனை நீங்கள்தான் சிமெண்டுத் தரையில் அடித்து உடைத்தீர்கள். அதனால்தான் உங்கள் போனை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கிளம்பும்போது அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

தீபாவளியன்று காலையில் வடைக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது அதில் ஒரு செய்தி வந்தது. "வணக்கம் துரைராசு. இன்று பண்டிகை நாள். நண்பர்கள் குடிக்க வற்புறுத்தினால் என்ன பதில் சொல்வீர்கள் என்று இப்போதே யோசித்து வையுங்கள்." ஏதோ விளம்பரம் என்று விட்டுவிட்டேன். மூன்று மணிக்கு இன்னொன்று வந்தது. "துரைராசு, இன்று குடிக்கத் தோன்றுகிறதா? ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2 என்று அனுப்புங்கள்." அதற்கு மேலே தள்ளிப் பார்த்தேன். தினமும் வந்திருக்கிறது. நீங்களும் தினமும் பதில் அனுப்பியிருக்கிறீர்கள்.

அக்டோபர் பதினான்காம் தேதி, வாரத்தில் எத்தனை நாள் குடிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். 7 என்று அனுப்பியிருக்கிறீர்கள். நான் கேட்டால், "நான் எங்கடி குடிச்சேன், வெயில்ல நின்னுட்டு வர்றேன், கண்ணு செவந்திருக்கு" என்பீர்கள். முகம் தெரியாத ஒரு நம்பருக்கு ஏழு என்று சொல்ல முடிந்திருக்கிறது. பக்கத்தில் படுத்திருந்தவளுக்குச் சொல்ல முடியவில்லை.

போகட்டும். அக்டோபர் இருபத்திநான்காம் தேதிக்கு வருகிறேன். மூன்று மணிக்குக் கேள்வி. மூன்று பன்னிரண்டுக்கு உங்கள் பதில் 2. குடிக்கத் தோன்றவில்லை. உடனே அவர்கள், "மிகவும் நல்லது. உங்கள் குடும்பத்தார் உங்களை நினைத்துப் பெருமைப்படுவார்கள்" என்று அனுப்பியிருக்கிறார்கள். நாலே முக்காலுக்கு நீங்கள் வானதியோடு பைக்கை வாய்க்காலில் விட்டீர்கள். எலும்பு இரண்டு இடத்தில் விட்டுப்போயிற்று. நாங்கள் எல்லோரும் பெருமைப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

பிரகதாம்பாள்


குடவாசல், வடகரை
9.11.2024

பிரகதாவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. தபால்காரர் கையில் வைத்துக்கொண்டே, "என்னங்க, வீட்ல ஊருக்குப் போயிருக்காங்களா?" என்று கேட்டார். ஊருக்கே தெரிந்ததை என்னிடம் தெரியாதவர் போலக் கேட்கிறார். இந்த நிலையில்தான் என்னை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

அடுத்தவன் போனைத் திறந்து ஒவ்வொன்றாக மேலே தள்ளிப் படிப்பது எந்த ஊர் நியாயம்? படித்துவிட்டு என்னையே கேள்வியும் கேட்கிறாய்.

கேட்டதற்குச் சொல்கிறேன். காலில் மண்வெட்டி பட்ட காயம் ஆறவில்லை என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன் அல்லவா? அந்த டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு அறைக்கு அனுப்பினார். அங்கே மதிவாணன் என்று ஒருத்தர், சின்ன வயசு. "அடிக்கடி இங்க வர வேண்டியதில்லைங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். போன்ல மெசேஜ் வரும், நம்பரை மட்டும் தட்டுங்க போதும்" என்றார். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் என்பதால் சரி என்றேன். 7 என்று தட்டினேன். அன்றைக்கு வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அது உனக்குத் தெரியாது.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்கிறாய். நீ என்றைக்காவது எத்தனை என்று கேட்டிருக்கிறாயா? வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்குமா?" என்பாய். அப்படிக் கேட்டால் எவனும் இல்லை என்றுதான் சொல்வான்.

இருபத்திநான்காம் தேதி மூன்று பன்னிரண்டுக்கு எனக்குத் தோன்றவில்லை. அதனால் 2 போட்டேன். அதற்கப்புறம் தோன்றியது. கடை வழியாகத்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். ஆனால் பைக் சாய்ந்ததற்குக் காரணம் குறுக்கே வந்த நாய். நம்பிக்கை இல்லை என்றால் வானதியையே கேள்.

அந்த நம்பருக்கு 'நிறுத்து' என்று ஒரு வார்த்தை அனுப்பினால் செய்தி வருவது நின்றுவிடும். அனுப்பிவிட்டு, அன்பரசனிடம் போனைக் கொடுத்துவிடு. சம்பாவுக்குக் களை எடுக்க ஆள் கூப்பிட வேண்டும். போன் இல்லாமல் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நிற்கிறேன்.

துரைராசு


நன்னிலம்
13.11.2024

வானதி அப்பாவுக்கு,

உங்கள் எழுத்து அழகாக இருந்தது. ஒரு கோணல் கிடையாது, நேர்க்கோடு போட்டதுபோல் இருந்தது. தெளிவாக இருக்கும்போதே இப்படித்தான் பேசுவீர்களா என்று நினைத்துக்கொண்டேன்.

வானதியைக் கேள் என்றீர்கள். கேட்டேன்.

முதலில் நாய் என்றுதான் சொன்னாள். என்ன நிறம் என்று கேட்டேன். கறுப்பு என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, தலை வாரிவிடும்போது, அந்த நாய் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்டேன். மாவுக்கட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். சீப்பைக் கீழே வைத்துவிட்டு அவள் முன்னால் வந்து உட்கார்ந்தேன். "அப்பா பாவம்மா" என்றாள். "மதகுகிட்ட வண்டிய நிறுத்தி வாந்தி எடுத்தாங்க. நான் நடந்தே போலாம்ப்பான்னு சொன்னேன். ஏறுன்னு திட்டினாங்க. கீழ விழுந்தப்புறம், அம்மாகிட்ட நாய்னு சொல்லு, இல்லாட்டி அம்மா நம்மள விட்டுட்டுப் போயிடும்னு சொன்னாங்க."

எலும்பு விட்டுப்போன கையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தது இது. மூன்று வாரமாக அவள் அதைக் காப்பாற்றி வைத்திருந்தாள். வலியில் அழுதபோதுகூட அவள் வாயிலிருந்து வரவில்லை. கட்டு பிரித்தால் கை சரியாகிவிடும். பன்னிரண்டு வயதில் உங்களுக்காகப் பொய்யைக் கட்டிக் காத்தாளே, அதை எந்த டாக்டரிடம் காட்டுவேன்?

'நிறுத்து' என்று அனுப்பச் சொன்னீர்கள். அனுப்ப மாட்டேன். நேற்று மூன்று மணிக்குக் கேள்வி வந்தது. நானே 1 என்று அனுப்பினேன். ஆம், இவருக்குக் குடிக்கத் தோன்றும். இன்றும் 1 அனுப்பினேன். இனி தினமும் அனுப்புவேன். உங்கள் பேரில் ஒருத்தராவது உண்மை சொல்லட்டும்.

நான் கேட்ட விதம் சரியில்லை என்று குற்றம் சொல்கிறீர்கள். சரி, இப்போது சரியாகவே கேட்கிறேன். உங்களால் இரண்டு நாள், வெறும் இரண்டு நாள், தொடாமல் இருக்க முடியுமா? முடியாது. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். முடிந்தால் இருந்து காட்டிவிட்டு அப்புறம் எனக்கு நியாயம் எழுதுங்கள்.

பிரகதாம்பாள்


குடவாசல், வடகரை
20.11.2024

பிரகதா,

நேற்று காலையிலிருந்து ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. இன்று இரண்டாவது நாள்.

எழுத்து கோணலாக இருக்கும். கை நிற்கவில்லை. பேனாவை இரண்டு கையாலும் பிடித்து எழுதுகிறேன். ராத்திரி கண் மூடவில்லை. உடம்பெல்லாம் வியர்வை. பாயில் எறும்பு ஊர்வது போலிருக்கிறது, தட்டினால் ஒன்றுமில்லை. சோறு இறங்கவில்லை.

முடியாது என்று சொன்னாய் அல்லவா. பார்த்துக்கொள்.

வானதி சொன்னது நிஜம்தான். அதைப் பற்றி இப்போது எழுத முடியவில்லை. வயலுக்கு மடை திறக்கப் போகிறேன். போகிற வழியில் இதைத் தபால் பெட்டியில் போட்டுவிடுவேன்.

துரைராசு


நன்னிலம்
22.11.2024

வானதி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பிரித்ததும் என் தம்பியிடம் காட்டினேன். அவனால் பாதி எழுத்தைப் படிக்க முடியவில்லை. "மாமா நல்லா ஏத்திக்கிட்டு எழுதியிருக்காரு" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு சொட்டு தொடவில்லை என்று இந்தக் கையெழுத்தில் எழுதுகிறீர்களே, உங்களுக்கே கூச்சமாக இல்லையா? வரிக்கு வரி மேலும் கீழும் போகிறது. மையைச் சிந்தியிருக்கிறீர்கள். போதாததற்கு எறும்பு வேறு. இன்னொரு முறை இப்படி எழுதாதீர்கள். நிதானம் இருக்கும்போது எழுதுங்கள், முன்பு எழுதியது போல. அப்படி ஒரு நேரம் வரவில்லை என்றால் எழுதவே வேண்டாம்.

பிரகதாம்பாள்


குடவாசல், வடகரை
30.11.2024

பிரகதாம்பாள் அவர்களுக்கு,

நேற்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன். ஒன்பது நாள் இருந்தேன். உனக்குச் சொல்லக் கூடாது என்று வைரக்கண்ணுவிடம் நான்தான் சத்தியம் வாங்கினேன். இப்போதும் அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. உன் கடிதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இருபதாம் தேதி அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு நேரே வயலுக்குப் போனேன். மடையில் குனிந்தது நினைவிருக்கிறது. அதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது. வைரக்கண்ணு சொன்னதைச் சொல்கிறேன். எதிர்வரப்பில் நின்றவன், நான் கையைக் காலை உதறிக்கொண்டு விழுந்ததைப் பார்த்திருக்கிறான். வயலில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். அதில் முகம் குப்புறக் கிடந்தேனாம். அவன் ஓடி வந்து புரட்டிப் போட்டபோது மூக்கு வாய் எல்லாம் சேறு. ஆட்டோவில் போகும் வழியில் இன்னொரு தடவை வலிப்பு வந்திருக்கிறது. மூன்று நாள் என்னைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். சுவரில் தண்ணீர் ஏறி வருகிறது என்று கத்தினேனாம்.

குடித்ததால் வந்த வலிப்பு இல்லை. வருஷக்கணக்காகக் குடித்தவன் ஒரே நாளில் நிறுத்தியதால் வந்தது. டாக்டர் சொன்னார். வேண்டுமானால் போய்க் கேட்டுக்கொள்.

ஐந்தாம் நாள் மதிவாணன் என் கட்டிலுக்கு வந்தார். "என்னங்க துரைராசு, படிச்சுப் படிச்சு மெசேஜ் அனுப்பினோமே. திடீர்னு நிறுத்தாதீங்க, எங்ககிட்ட வாங்க, மாத்திரை குடுத்துக் கொறைக்கலாம்னு பதினெட்டாம் தேதி காலைலகூட வந்துச்சே. பாக்கலையா?" என்றார். போன் என்னிடம் இல்லை என்றேன். "அப்ப தெனம் மூணு மணிக்கு யாருங்க பதில் போடுறது? ஒண்ணு, ஒண்ணுன்னு வந்துக்கிட்டே இருக்கு. ரெண்டு தடவ கூப்பிட்டேன், எடுக்கல" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

உன் கடிதத்தை வைரக்கண்ணு ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து கொடுத்தான். கையில் போட்ட கட்டை அவிழ்த்த பிறகு நானே பிரித்துப் படித்தேன்.

நிதானமாக முன்பு எழுதியது போல எழுது என்கிறாய். கேட்டுக்கொள். அந்த ஒன்பதாம் தேதிக் கடிதம், ஒரு கோணல் கூட இல்லாமல் நேர்க்கோடு போட்டதுபோல் எழுதினேனே, அதைக் காலையில் இரண்டு கிளாஸ் போட்டுவிட்டுத்தான் எழுதினேன். குடித்தால்தான் என் கை நிற்கும். மூன்று வருஷமாக அப்படித்தான். நீ அழகாக இருக்கிறது என்று மெச்சியது அந்த எழுத்தை. பொய் என்று தள்ளியது, நான் குடிக்காமல் எழுதிய ஒரே கடிதத்தை.

மூன்று நாள் மழையில் பயிர் முழுக்க முழுகிக் கிடக்கிறது. வடிகால் வெட்டிவிடக்கூட நான் ஊரில் இல்லை. வைரக்கண்ணு தன் வயலை விட்டுவிட்டு என் வயலுக்கு வெட்டியிருக்கிறான்.

இனி உனக்கு எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

துரைராசு


நன்னிலம்
3.12.2024

வானதி அப்பாவுக்கு,

இதைக் கொண்டுவரும் அன்பரசன் கையில் உங்கள் போனும் சார்ஜரும் இருக்கும். வாங்கிக்கொள்ளுங்கள். அவனைத் திட்டாதீர்கள். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

உங்களிடம் சொல்லாமல் மறைத்தால் நானும் உங்களைப் போல்தான் ஆவேன். அதனால் எழுதுகிறேன். பதினெட்டாம் தேதி காலையில் அந்தச் செய்தி வந்ததும் படித்துவிட்டேன். அதிகமாகக் குடிப்பவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து, உடனே எங்களை அழையுங்கள் என்று போட்டிருந்தது. நம்பரும் இருந்தது. இரண்டு நாள் இருந்து காட்டுங்கள் என்று ஐந்து நாளுக்கு முன்னால்தான் உங்களுக்கு எழுதியிருந்தேன். செய்தியைப் படித்ததும் ஒரு நிமிடம் போன் கையிலேயே இருந்தது. வைரக்கண்ணு அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அப்புறம், இவராவது நிறுத்துவதாவது என்று சொல்லிக்கொண்டே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போனேன். இதுதான் நடந்தது. இதற்கு நீங்கள் என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் இதை மட்டும் கேட்டுக்கொள்வேன். மற்றதைக் கேட்க மாட்டேன். அந்தக் கடிதத்தை நான் நம்பவில்லை என்றால், என்னை நம்ப முடியாதவளாக ஆக்கியது யார்? பதினான்கு வருடத்தில் எத்தனை தடவை என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தீர்கள். அதில் ஒன்றாவது நின்றிருந்தால் நான் அந்தச் சேதியைக் கவிழ்த்து வைத்திருப்பேனா? நீங்கள் அந்தச் சேற்றிலேயே போயிருந்தால் ஊர் என்னைத்தான் தின்றிருக்கும். 'பெண்டாட்டி வாய்தான் அவனைக் கொன்றது' என்று சாவு வீட்டிலேயே பேசியிருப்பார்கள். அதை நினைத்தால் உங்கள் மேல் வருகிற கோபம் அடங்கவில்லை. என் மேல் வருகிறதும் அடங்கவில்லை. எது யார்மேல் என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வானதிக்குக் கட்டு பிரிக்கிறார்கள். நீங்கள் வரலாம். பஸ்ஸில் வாருங்கள். அவளிடம் பொய் சொல்லச் சொன்னதைப் பற்றி நீங்களே அவளிடம் பேச வேண்டும். உங்களுக்காக நான் பேச மாட்டேன்.

பிரகதாம்பாள்


குடவாசல், வடகரை
8.12.2024

பிரகதாவுக்கு,

நீ வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாய். உள்ளே நடந்தது உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

மாவுக்கட்டை ரம்பத்தால் அறுக்கும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே கை மெலிந்து, தோல் உரிந்து வெள்ளையாக இருந்தது. அந்தக் கையைப் பார்த்த பிறகு வீட்டில் மனப்பாடம் செய்து வைத்திருந்தது எதுவும் வரவில்லை. "நாய் ஒண்ணும் வரலம்மா. அப்பா குடிச்சிருந்தேன்" என்றேன். டாக்டர், நர்ஸ் எல்லோரும் நின்றார்கள்.

"தெரியும்ப்பா. நான்தானே பின்னாடி உக்காந்திருந்தேன்" என்றாள்.

அவள் அழவில்லை, கோபிக்கவும் இல்லை.  கையை நீட்டி, "விரலை மடக்கிக் காட்டட்டுமா?" என்று டாக்டரைக் கேட்டாள்.

நீ கவிழ்த்து வைத்ததைப் பற்றி எழுதியிருந்தாய். படித்த அன்று வைரக்கண்ணு வீட்டுக் கொல்லையில் போய் நின்று உன்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். அவன் பெண்டாட்டி ராமாயி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "நானா இருந்தா போனைக் கெணத்துல போட்டிருப்பேன்" என்றாள். அதற்கப்புறம் திட்ட முடியவில்லை. ஆனாலும் மறக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாத்திரை சாப்பிடுகிறேன். வாரம் ஒருநாள் மதிவாணனைப் பார்க்கிறேன். மூன்று மணிக்குக் கேள்வி வருகிறது, நானே பதில் போடுகிறேன். பத்தொன்பது நாளாகத் தொடவில்லை. பயிரில் கால்வாசி அழுகிவிட்டது, மற்றது தலை தூக்கிக்கொண்டது.

பொங்கலுக்காவது வீட்டுக்கு வா.

துரைராசு


நன்னிலம்
14.12.2024

வானதி அப்பாவுக்கு,

வர மாட்டேன்.

பத்தொன்பது நாளுக்குப் பொங்கல் கேட்கிறீர்கள். இருபத்தொன்பது நாளானால் என்ன கேட்பீர்கள்? நீங்கள் குடிக்காமல் இருப்பதற்கு நான் கூலி இல்லை. இங்கே ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை. கால் வலிக்கிறது. ஆனாலும் சாயங்காலம் ஆறு மணி ஆனால் வாசலைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அப்படிப் பயந்துகொண்டிருந்தேன் என்பதே இங்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

வானதி மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். அவளாகவே கேட்டாள். ராமாயி வீட்டில் இறக்கிவிடச் சொல்கிறேன், அங்கே வந்து பாருங்கள்.

பிரகதாம்பாள்


குடவாசல், வடகரை
17.1.2025

பிரகதாவுக்கு,

காணும் பொங்கலன்று குடித்தேன்.

மூன்று கிளாஸ். யாரும் வற்புறுத்தவில்லை. வானதி பொங்கலன்று வந்து கரும்பு தின்றுவிட்டு மறுநாள் போய்விட்டாள். நேற்று வீட்டில் யாருமில்லை. பானையைக் கழுவிக் கவிழ்த்தேன். மூன்று மணிக்குக் கேள்வி வந்தது. இத்தனை நாளும் 2 என்றுதான் போட்டுவந்தேன், தோன்றியபோதும் 2 தான். அது உனக்கும் தெரியாது, மதிவாணனுக்கும் தெரியாது. நேற்று 1 போட்டேன். போட்டுவிட்டு அவர் கூப்பிடுவதற்கு முன்னால் கடைக்குக் கிளம்பிவிட்டேன். அரை மணி நேரத்தில் போன் அடித்தது. கடைக்குள் இருந்தபடியே பேசினேன். "எத்தனை ஆச்சு?" என்றார். மூன்று என்றேன். "சரி, பாக்கிய அப்படியே வச்சுட்டு வெளிய வாங்க. பேசிக்கிட்டே நடங்க, நான் வைக்க மாட்டேன்" என்றார். வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார். என்ன பேசினோம் என்றே ஞாபகமில்லை, உரத்தைப் பற்றிக்கூடப் பேசினோம்.

பாட்டிலில் பாதி இருந்தது. அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. ஐம்பத்தெட்டு நாள் போனது போனதுதான். ஆத்திரமாக வருகிறது, யார்மேல் என்றும் சொல்லத் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு நீ வர வேண்டாம். வானதியை அனுப்பவில்லை என்றாலும் கேட்க மாட்டேன்.

மாத்திரையை விடவில்லை. இன்று காலையில் குடிக்காமல்தான் எழுதுகிறேன்.

துரைராசு


நன்னிலம்
21.1.2025

வானதி அப்பாவுக்கு,

கடையில் மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது உங்கள் கடிதத்தைப் படித்தேன். டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டேன். அவ்வளவு கோபம். இத்தனை நாள் 2 என்று போட்டு அவர்களையும் ஏமாற்றியிருக்கிறீர்கள். பிள்ளை கிளம்பிப் போன மறுநாளே கடைக்குப் போயிருக்கிறீர்கள். உங்களை என்ன செய்தால் தகும் என்று சாயங்காலம் வரை யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா புடவைக்கு விலை கேட்டதற்கு, மூன்று என்று சொன்னேன். "என்னம்மா மூணு?" என்று கேட்டுவிட்டு அவர் வேறு பெண்ணிடம் போய்விட்டார்.

மூன்று என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எனக்கு எண்ணிக்கை சொன்னது இதுதான் முதல் தடவை. அதற்காக நான் மனம் குளிர்ந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மூன்று மூன்றுதான். ஆனால் சாயங்காலம் கடை மூடும்போது, நீங்கள் சொன்னது எத்தனையோ அத்தனைதான் என்று நம்பிவிட்டேன் என்பதைக் கவனித்தேன். அதுவும் எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது.

வானதி ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் வருவாள். அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

மதிவாணன் ஒரு மாதத்துக்கு முன்பே என்னைக் கூப்பிட்டார், கடை நம்பருக்கு. குடும்பத்தாரும் வந்து பேசலாம் என்றார். எனக்கு அங்கே என்ன வேலை என்று வைத்துவிட்டேன். வருகிற செவ்வாய்க்கிழமை கடையில் அரைநாள் லீவு கேட்டிருக்கிறேன். உங்களைப் பற்றிப் பேச வரவில்லை. உங்கள் அக்கா வீட்டுக் கல்யாணத்தில் நீங்கள் பந்தலில் விழுந்து கிடந்தபோது, அவருக்கு வயிற்றுப் புண், மயக்கம் என்று வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னேன். பால்காரரிடம் சொன்னேன், பள்ளிக்கூடத்து டீச்சரிடம் சொன்னேன், என்னைப் பெற்றவளிடம் சொன்னேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. வானதி யாரிடம் படித்தாள் என்று இந்த ஒரு மாதமாக எனக்குத் தூக்கமில்லை. அதைத்தான் அவரிடம் கேட்க வேண்டும்.

பத்து மணி பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு வருவேன். ஏறிய பிறகு மனசு மாறினால் வழியில் இறங்கிவிடுவேன். பதினொன்றரை வரைக்கும் பாருங்கள். அதற்குமேல் எனக்காக உட்கார்ந்திருக்க வேண்டாம், நீங்கள் உள்ளே போய்விடுங்கள்.

பிரகதா